மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமராக்களில் பிற வகை லென்ஸ்களைப் பொருத்துவது: ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் 120 ஃபிலிமில் படமெடுக்கும் நம்மவர்கள் பலரிடம், நல்ல லென்ஸ் ஒரு கேமராவிலும் நம்பகமான பாடி வேறொரு கேமராவிலும் இருக்கிறது. பென்டகான் சிக்ஸுக்காகச் செய்யப்பட்ட கார்ல் சைஸ் யேனா லென்ஸ்கள் இன்றும் விரும்பித் தேடப்படுகின்றன; ஆனால் அந்தக் கேமராவின் ஃபிலிம் சுற்றும் பொறி பழையதாகும்போது, ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின் மேல் ஏறிவிடுவது பரவலாக அறியப்பட்ட சிக்கல். அந்த லென்ஸை மாமியா 645 போன்ற வேறொரு பாடியில் பொருத்த முடியுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. முடியும். ஆனால் எல்லா இணைகளும் முடியாது. முடிகிற இணைகளிலும் பாதி செலவுக்குத் தகுதியானவை அல்ல. அடாப்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கும் இணைப்பு வளையம்) வாங்குவதற்கோ கடைந்தெடுக்கச் சொல்வதற்கோ முன் செய்ய வேண்டிய கணக்குகளையும், கையில் வந்தபின் செய்ய வேண்டிய சோதனைகளையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதல் படி: ஃப்ளாஞ்ச் தூரத்தைக் கணக்கிடுதல்

லென்ஸ் வந்து அமரும் உலோக வளையத்தின் முகப்பிலிருந்து ஃபிலிமின் பரப்பு வரை உள்ள தூரமே ஃப்ளாஞ்ச் தூரம் எனப்படுகிறது. ஒவ்வொரு கேமரா வகைக்கும் இது மாறாத எண். ஒரு லென்ஸ் எந்தத் தூரத்துக்காகச் செய்யப்பட்டதோ, அதைவிடக் குறைந்த தூரமுள்ள பாடியில்தான் அதை அடாப்டர் வைத்துப் பொருத்த முடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அடாப்டரின் தடிமன் ஆகிறது. வித்தியாசம் எதிர்த்திசையில் இருந்தால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து விலகி நிற்கும், தொலைவிலுள்ள எதுவும் கூர்மையாக வராது.

குறைந்ததிலிருந்து கூடியதற்கு வரிசைப்படுத்தினால் எண்கள் இவை: ஹாசல்பிளாட் எச் வகை 61.63 மி.மீ., மாமியா 645 63.3 மி.மீ., கான்டாக்ஸ் 645 64 மி.மீ., ப்ரோனிக்கா இடிஆர் 69 மி.மீ., பென்டக்ஸ் 645 70.87 மி.மீ., பென்டகான் சிக்ஸும் அதே மவுண்ட் (லென்ஸைப் பூட்டும் அமைப்பு) உள்ள கீவ் 60-உம் 74.1 மி.மீ., ஹாசல்பிளாட் 500 வகை 74.9 மி.மீ., கீவ் 88 82.1 மி.மீ., பென்டக்ஸ் 67 84.95 மி.மீ., ப்ரோனிக்கா எஸ்க்யூ 85 மி.மீ. மாமியா ஆர்பி67, ஆர்இசட்67 இரண்டும் 100 மி.மீ.க்கு மேல்.

இந்த வரிசையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாலே பாதி முடிவுகள் கிடைத்துவிடும். வரிசையின் தொடக்கத்தில் உள்ள பாடிகள் பிறர் லென்ஸை ஏற்கும். கடைசியில் உள்ளவை தங்கள் லென்ஸைப் பிறருக்குக் கொடுக்க மட்டுமே பயன்படும். பென்டக்ஸ் 67 பாடிக்குப் பென்டகான் சிக்ஸ் லென்ஸ் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வேறு விளக்கமே தேவையில்லை. அதே பென்டக்ஸ் 67-இன் லென்ஸ்களோ 645 (6×4.5 செ.மீ. சட்டம்) பாடிகள் அனைத்துக்கும் தூரக் கணக்கில் பொருந்தும். பென்டக்ஸ் நிறுவனமே தன் 67 லென்ஸ்களைத் தன் 645 பாடியில் பொருத்த ஓர் அடாப்டரை விற்றது.

வித்தியாசம் இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்துக்குள் இரண்டு மவுண்டுகளின் பற்களும் பூட்டும் அடங்க வேண்டும். பென்டகான் சிக்ஸ் லென்ஸை மாமியா 645-இல் வைக்க 10.8 மி.மீ. கிடைக்கிறது, இது தாராளம். பென்டக்ஸ் 645-இல் வைக்க 3.23 மி.மீ. மட்டுமே, நெருக்கடிதான், ஆனால் அப்படிப்பட்ட அடாப்டர்கள் விற்பனையில் உள்ளன. ஹாசல்பிளாட் லென்ஸைப் பென்டகான் சிக்ஸ் பாடியில் வைக்கக் கிடைப்பது வெறும் 0.8 மி.மீ.; அதில் சாதாரண வளையம் எதுவும் நிற்காது. கீவ் 88 முதலில் வந்த ஹாசல்பிளாட் 1600எஃப் கேமராவைப் பின்பற்றியது, 1957-இல் வந்த 500சி-ஐ அல்ல. எனவே தோற்றத்தை நம்பி ஒன்றின் லென்ஸை மற்றொன்றுக்காக வாங்கிவிடக் கூடாது.

எதிர்த்திசையில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். லென்ஸின் குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, கூடுதல் தூரத்தால் வகுத்தால், கூர்மையாகக் கிடைக்கும் மிகத் தொலைவான புள்ளி ஏறக்குறைய வந்துவிடும். பென்டகான் சிக்ஸின் 80 மி.மீ. லென்ஸைக் கீவ் 88 பாடியில் வைத்தால் குறைந்தது 8 மி.மீ. கூடுகிறது, 6400-ஐ 8-ஆல் வகுத்தால் 800 மி.மீ. அதாவது ஒரு மீட்டருக்கும் குறைந்த தொலைவோடு அந்த லென்ஸின் உலகம் முடிந்துவிடும். பூக்களை நெருங்கிப் படமெடுக்க மட்டும் வேண்டுமென்றால் இதில் குறையில்லை.

இரண்டாம் படி: ஷட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தல்

தூரக் கணக்கில் தேறிய இணைகளில் பல இங்கே விழுந்துவிடுகின்றன. மீடியம் ஃபார்மட்டில் ஷட்டர் பாடிக்குள் ஃபிலிமின் முன்னால் திரை ஷட்டராக இருக்கலாம், அல்லது லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டராக இருக்கலாம். ஹாசல்பிளாட் 500 வகை, ப்ரோனிக்கா இடிஆர், எஸ்க்யூ, மாமியா ஆர்பி67, ஆர்இசட்67 ஆகியவற்றின் பாடிகளில் ஒளியூட்ட நேரத்தை அளக்கும் ஷட்டர் கிடையாது. ஷட்டர் இல்லாத லென்ஸை அவற்றில் பொருத்தினால் படமெடுக்க வழியே இல்லை. எனவே ஏற்கும் பாடி திரை ஷட்டர் உள்ளதாக இருக்க வேண்டும்: மாமியா 645, பென்டக்ஸ் 645, கான்டாக்ஸ் 645, பென்டகான் சிக்ஸ், கீவ் 60, கீவ் 88, பென்டக்ஸ் 67, ஹாசல்பிளாட்டின் 2000, 200 வரிசைகள். இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால், தூரமும் குறைவாக, ஷட்டரும் பாடியிலேயே உள்ள மூன்று 645 கேமராக்கள்தான் உண்மையில் நல்ல வரவேற்பாளர்கள்.

ஷட்டர் உள்ள லென்ஸை ஷட்டர் உள்ள பாடியில் வைப்பது சாத்தியமே, லென்ஸின் ஷட்டர் திறந்தபடி நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஹாசல்பிளாட் லென்ஸ் முறுக்கேற்றிய நிலையில் பாடியிலிருந்து கழற்றப்படும்போது அதன் இதழ்கள் திறந்தே இருக்கும்; அடாப்டரில் அதன் சுழல் அச்சைத் தொடும் பாகம் எதுவும் இல்லாததால் அப்படியே நிற்கும். சிஎஃப் வகை லென்ஸ்களில், திரை ஷட்டர் பாடிகளுக்கென்றே வேக வளையத்தில் ‘எஃப்’ என்ற நிலை உண்டு. அது இன்னும் பாதுகாப்பானது. கான்டாக்ஸ் 645-க்கு அதன் நிறுவனமே எம்ஏஎம்-1 என்ற ஹாசல்பிளாட் அடாப்டரைக் கொடுத்தது.

இருந்தாலும் என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹாசல்பிளாட் லென்ஸின் விலையில் ஒரு பெரும் பங்கு அதன் ஷட்டருக்கானது. 1/500 நொடியிலும் ஃப்ளாஷோடு இயைந்து நிற்பது அதன் தனிச் சிறப்பு. அதை மாமியா 645-இல் மாட்டியதும் ஃப்ளாஷ் வேகம் பாடியின் 1/60-க்கு இறங்கிவிடுகிறது. கையில் ஏற்கெனவே அந்த லென்ஸ் இருந்தால் பொருத்திப் பாருங்கள்; இதற்காகவே ஒன்று வாங்குவது வீண்.

மூன்றாம் படி: அப்பர்ச்சரையும் ஃபோகஸையும் யார் இயக்குகிறார்கள்

கான்டாக்ஸ் 645, ஹாசல்பிளாட் எச் ஆகியவற்றின் லென்ஸ்களில் அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) மின்னணு ஆணையால் மூடித் திறப்பது. லென்ஸில் திருகும் வளையம் இருந்தாலும் அது பாடிக்குச் செய்தி சொல்வதற்கே. வேறு பாடியில் அவை முழுத் திறப்பிலேயே நின்றுவிடும், ஆகவே அவற்றை விட்டுவிடலாம். இயந்திர முறையில் இயங்கும் லென்ஸ்களில்தான் நமக்கு வேலை.

பென்டகான் சிக்ஸ் லென்ஸின் பின்புறத்தில் ஒரு சிறு ஊசி உண்டு. பாடி அதன் வழியாகத்தான் அப்பர்ச்சர் இதழ்களை மூடித் திறக்கிறது. அடாப்டரில் மாட்டிய நிலையில் வளையத்தைத் திருகத் திருக இதழ்கள் நேரடியாக அசைகின்றனவா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அசைந்தால், எஃப்/2.8-இல் ஃபோகஸ் செய்து, எஃப்/8-க்குத் திருகி, பிறகு எடுக்க வேண்டும். வேகமாக நகரும் பொருள்களுக்கு இந்த முறை ஒத்துவராது. இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. பழைய யேனா லென்ஸ்களில் இதழ்களில் எண்ணெய் ஏறி, ஷட்டர் திறக்கும் நொடிக்குள் மூடாமல் மந்தமாகிவிடுவது வழக்கம்; கையால் முன்கூட்டியே மூடிவிடும் நமக்கு அந்த மந்தம் பொருட்டே இல்லை. எனவே ‘இதழில் எண்ணெய்’ என்று விலை குறைத்து விற்கப்படும் லென்ஸைத் துணிந்து வாங்கலாம். பூஞ்சை பிடித்ததை மட்டும் தொட வேண்டாம். பெங்களூரின் மழைக்கால ஈரம் அதை வளர்த்துத்தான் விடும்.

ஹாசல்பிளாட் லென்ஸில் இதே வேலையை அதன் புல ஆழ முன்னோட்ட நெம்பு செய்துவிடும். ஒளியளவை எந்த இணையிலும் தனி மீட்டரால் எடுப்பதே நல்லது. அடாப்டர் வந்ததும் லென்ஸுக்கும் பாடியின் மீட்டருக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது.

ஃபோகஸ் விஷயம் சுருக்கமானது. மாமியா ஆர்பி67, ஆர்இசட்67, ரோலை எஸ்எல்66 ஆகியவற்றில் ஃபோகஸ் செய்யும் துருத்தி பாடியில் இருக்கிறது. லென்ஸில் நகரும் திருகே இல்லை. அவற்றை வெறும் வளையத்தால் பொருத்தினால் ஒரே தூரத்துக்கு உறைந்த லென்ஸ்தான் கிடைக்கும். ஆர்பி67 லென்ஸை ஆர்இசட்67 பாடியில் மாட்டுவது மட்டும் இதற்கு விலக்கு. மாமியாவே அதை எண்ணி வடிவமைத்து, ஆர்இசட்டின் வேகத் திருகியில் ‘ஆர்பிஎல்’ என்ற நிலையை வைத்திருக்கிறது. அதற்கு அடாப்டரே தேவையில்லை.

நான்காம் படி: பட வட்டம்

லென்ஸ் வீசும் ஒளி வட்டம் ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டத்தை மூட வேண்டும். 6×4.5 சட்டத்துக்கு ஏறக்குறைய 70 மி.மீ., 6×6-க்கு 79 மி.மீ., 6×7-க்கு 89 மி.மீ. தேவை. பெரிய சட்டத்தின் லென்ஸ் சிறிய சட்டத்துக்கு எப்போதும் போதும், நல்வாய்ப்பாக ஃப்ளாஞ்ச் தூரக் கணக்கும் பெரும்பாலும் அதே திசையில்தான் அனுமதிக்கிறது. பென்டகான் சிக்ஸ் லென்ஸைக் கிடைமட்டமாகப் பிடித்த 645 பாடியில் வைக்கும்போது அகலம் அதே 56 மி.மீ.தான், மேலும் கீழும் சற்று வெட்டுப்படுகிறது, அவ்வளவே. சதுரப் படத்துக்காக அந்த லென்ஸை விரும்பியவர்கள் இதை முன்பே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்ன நான்கையும் கடந்து நிற்கும் இணைகளில், பென்டகான் சிக்ஸ் லென்ஸும் மாமியா 645 பாடியும் சேர்ந்ததையே முதலில் பரிந்துரைப்பேன். குறிப்பாக 180 மி.மீ. எஃப்/2.8 சோனார், 120 மி.மீ. எஃப்/2.8 பயோமெட்டார். 80 மி.மீ.யை அடாப்டரில் மாட்டுவதில் பொருளில்லை, மாமியாவுக்கே எஃப்/1.9 வரை திறக்கும் 80 மி.மீ. லென்ஸ் இருக்கிறது.

ஐந்தாம் படி: வாங்குவது அல்லது கடைந்தெடுப்பது

பரவலான இணைகளுக்கு அடாப்டர்கள் வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் கிடைக்கும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கிடைக்காத இணைகளுக்குப் பெங்களூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. பீன்யா தொழிற்பேட்டையின் சிறு லேத் பட்டறைகளில் நுணுக்கமான கடைசல் வேலை அன்றாடம் நடக்கிறது; அவற்றில் தமிழிலேயே பேசி வேலை வாங்கக்கூடிய இடங்களுக்கும் குறைவில்லை.

பற்களுள்ள மவுண்டைப் புதிதாகக் கடையச் சொல்ல வேண்டாம். அது அரவை வேலை, செலவும் அதிகம், பூட்டும் இறுக்கம் சரியாக அமைவதும் அரிது. லென்ஸ் பக்கத்துக்குப் பென்டகான் சிக்ஸின் பழைய எக்ஸ்டென்ஷன் டியூப் (நெருங்கிப் படமெடுக்க லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் குழாய்) ஒன்றையும், பாடி பக்கத்துக்கு மாமியா 645-இன் எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்றையும் வாங்கி, இரண்டிலும் மவுண்டை மட்டும் வெட்டியெடுத்து, நடுவில் ஓர் அலுமினிய வளையத்தால் இணைப்பதே சிறந்த முறை. டர்னருக்கு வாய்மொழியாகச் சொல்லாமல் படம் வரைந்து கொடுங்கள். அதில் எந்த முகத்திலிருந்து எந்த முகத்துக்கு 10.8 மி.மீ. என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள்: பாடியின் வளையத்தைத் தொடும் முகம் ஒன்று, லென்ஸின் வளையம் தொடும் முகம் மற்றொன்று. மொத்த உயரத்தை அளந்து கடைந்துவிட்டால் பற்களின் உயரமும் சேர்ந்து கணக்கு கெட்டுவிடும். 10.75 மி.மீ. என்று சற்றுக் குறைத்தே கேளுங்கள். குறைந்ததை மெல்லிய பித்தளைத் தகட்டால் நிரப்பலாம், கூடியதை மறுபடி லேத்தில்தான் ஏற்ற வேண்டும்.

கூடினால் எவ்வளவு இழப்பு என்பதற்கு முன்சொன்ன கணக்கையே பயன்படுத்தலாம். அடாப்டர் 0.1 மி.மீ. தடித்துவிட்டால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பால் எட்டாது, 80 மி.மீ. 64 மீட்டரோடு நின்றுவிடும், 180 மி.மீ. 324 மீட்டர் வரை போகும். அகலக் கோண லென்ஸ்தான் முதலில் அடிபடுகிறது. குறைவாக இருந்தால் லென்ஸ் முடிவிலியை (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ் நிலையை) கடந்தும் சற்றுத் திரும்பும், தூர அளவுகோல் பொய் சொல்லும். கண்ணாடித் திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமராவில் இவை பெரிய குறைகள் அல்ல.

தடிமனைவிட முக்கியமானது இரு முகங்களும் இணையாக இருப்பது. மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளந்து, வேறுபாடு 0.03 மி.மீ.க்குள் நிற்கிறதா என்று பட்டறையிலேயே பாருங்கள். 0.1 மி.மீ. சாய்ந்திருந்தால், எஃப்/2.8-இல் ஃபிலிம் பரப்பில் நமக்குக் கிடைக்கும் இருபுறம் 0.14 மி.மீ. சலுகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படத்தின் விளிம்பில் தீர்ந்துவிடும். தடிமன் பிழையைத் திரையில் கண்டு ஃபோகஸால் சரிசெய்ய முடியும், சாய்வை எதனாலும் சரிசெய்ய முடியாது.

உட்புறத்துக்கு மங்கிய கறுப்பு அவசியம். பளபளக்கும் அலுமினியம் பக்கவாட்டு ஒளியைத் திருப்பி ஃபிலிமில் கொட்டி, நிழல்களை வெளிறச் செய்துவிடும். பெயின்டைவிட ஒட்டும் கறுப்பு வெல்வெட் தாள் நன்றாக அடக்குகிறது.

ஆறாம் படி: முதன்முறை மாட்டும்போது

கண்ணாடி ஆடி மேலெழும்போது லென்ஸின் பின்பகுதியில் மோதுமா என்பதை மாட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். லென்ஸின் அமரும் முகத்திலிருந்து அதன் பின்பகுதி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து, அடாப்டரின் தடிமனைக் கழியுங்கள். மிஞ்சுவது, அந்தப் பாடிக்கே உரிய லென்ஸின் பின்பகுதி நீளும் அளவைத் தாண்டாவிட்டால் அச்சமில்லை. பாடியின் பூட்டு ஊசி அடாப்டரின் குழியில் ‘டிக்’ என்று விழுவதையும், பாடியின் அப்பர்ச்சர் நெம்பு எங்கும் தட்டாமல் அசைவதையும் ஃபிலிம் இல்லாமல் சோதித்துக்கொள்ளுங்கள். 180 மி.மீ. சோனார் ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ளது. அதைப் பாடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு மவுண்டுகளும் அந்தச் சுமையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல, கை எப்போதும் லென்ஸின் அடியில் இருக்கட்டும்.

ஏழாம் படி: முடிவிலிச் சோதனை

மாமியா 645-இன் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் செருகியை எடுத்துவிட்டு, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை, தேய்த்த முகம் லென்ஸைப் பார்க்கும்படி வையுங்கள். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டரை ‘பி’-யில் திறந்து பிடித்து, லென்ஸை முழுத் திறப்பில் வைத்துப் பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். பிறகு வ்யூஃபைண்டர் திரையில் அதே காட்சியைப் பாருங்கள். இரண்டும் ஒரே நிலையில் கூர்மையடைய வேண்டும். வேறுபட்டால் குற்றம் பாடியின் ஆடியிலோ திரையிலோ இருக்கிறது, அடாப்டரில் அல்ல.

எதைப் பார்த்து முடிவிலியைச் சோதிப்பது என்பதும் லென்ஸைப் பொறுத்தது. அல்சூர் ஏரியின் ஒரு கரையில் நின்று, 500 மீட்டர் தொலைவில் எதிர்க்கரையிலுள்ள ஒரு கட்டடத்தின் விளிம்பைப் பார்த்தால், 80 மி.மீ. லென்ஸுக்கு அது முடிவிலியிலிருந்து 0.013 மி.மீ. மட்டுமே வேறுபடும், முடிவிலியாகவே கொள்ளலாம். 180 மி.மீ.க்கு அதே கட்டடம் 0.065 மி.மீ. தள்ளி நிற்கிறது, 300 மி.மீ.க்கு 0.18 மி.மீ. எனவே நீண்ட லென்ஸ்களை ஏரிக்கரையில் சோதித்துத் திருப்தியடைய வேண்டாம்; உயரமான மொட்டை மாடியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கோபுர உச்சியையோ, இரவில் நிலவின் விளிம்பையோ பாருங்கள். பகலில், குறிப்பாக மார்ச், ஏப்ரல் நண்பகலில், காங்க்ரீட்டிலிருந்து எழும் அனலில் தொலைவு நெளியும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

எட்டாம் படி: ஒரு ரோல் செலவழித்தல்

கண்ணாடித் துண்டில் தேறியதை ஃபிலிமிலும் உறுதிசெய்ய 100 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று போதும். முழுச் செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக ட்ரைபாடை நிறுத்தி, முழுத் திறப்பிலும் எஃப்/8-இலும் எடுங்கள். இடது விளிம்பு கூர்மையாகவும் வலது விளிம்பு மங்கலாகவும் வந்தால், அடாப்டரை மட்டும் பாடியிலிருந்து கழற்றாமல் லென்ஸைக் கழற்றி மாட்டி மீண்டும் எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாக்கி எடுங்கள். மங்கல் கேமராவோடு சேர்ந்து திரும்பினால் சாய்வு அடாப்டரிலோ லென்ஸிலோ இருக்கிறது. சுவரின் அதே பக்கத்திலேயே நின்றால் ட்ரைபாட் சுவருக்கு நேராக நிற்கவில்லை. அதே பாடியில் அதன் சொந்த லென்ஸால் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட எளிது. ஒவ்வொரு படத்தின் எண்ணையும், அப்பர்ச்சரையும், ஃபோகஸ் வளையம் நின்ற இடத்தையும் எடுக்கும்போதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் கழுவி வரும்போது அவை நினைவில் இருக்காது.

எல்லாம் சரியென்றால், அடாப்டரை அந்த லென்ஸிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டு, மாமியாவின் பின்மூடியை அதற்குப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் அலுமினியப் பற்கள் தேய்ந்து, 0.03 மி.மீ.க்காகப் பட்டறையில் பட்ட பாடு வீணாகும். இரண்டு லென்ஸ்கள் இருந்தால் இரண்டு அடாப்டர்களாகவே செய்துகொள்ளுங்கள். லேத்தில் ஒருமுறை அமைத்துவிட்ட வேலைக்கு இரண்டாவது துண்டின் கூலி குறைவாகவே இருக்கும்.